ஓடில்லா நத்தை தந்த கொடை

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஜாரோ என்றொரு மடம். ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் அங்கே பீட் என்ற துறவி இருந்தார். ஏழு வயதில் மடத்துக்குள் வந்தவர். அங்கிருந்த நூல்களைக் கரைத்துக் குடித்தவர். லூக்கா நற்செய்திக்கு ஓர் உரை எழுதித் தரும்படி ஆயர் ஒருவர் அவரைக் கேட்டுக்கொண்டார். அகஸ்டின், அம்புரோஸ், ஜெரோம், கிரகோரி என்று திருச்சபையின் முன்னோர் நால்வரும் சொல்லிவைத்தவை எல்லாம் பீட்டுக்கு அத்துப்படி. அவற்றைத் தொகுத்து, விட்ட இடங்களைத் தன் சிந்தனையால் நிரப்பினால் போதும். ஆனால் எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒரு தர்மசங்கடம் முளைத்தது.

வரிக்கு வரி “இது அகஸ்டின் சொன்னது, இது ஜெரோம் சொன்னது” என்று எழுதிக்கொண்டே போனால் உரை ஓடாது. தடுக்கித் தடுக்கி நிற்கும். சொல்லாமல் விட்டாலோ, பெரியவர்களின் கருத்தைத் திருடித் தன்னுடையதாகக் காட்டிக்கொண்டான் என்ற பழி வந்து சேரும். பீட் ஒரு வழி கண்டுபிடித்தார். வாசகத்தில் கை வைக்காமல், பக்கத்தின் ஓரத்தில், கருத்துக்குச் சொந்தக்காரரின் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்துக் குறித்துவைத்தார். வாசிப்பவர் தடையின்றி வாசிக்கலாம். யார் சொன்னது என்று தெரிய வேண்டியவர் ஓரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சங்கடம் தீர்ந்தது. ஆனால் அந்தக் காலத்தில் நூல்கள் கையால் படியெடுக்கப்பட்டன. படியெடுப்பவர் சோம்பினால் ஓரத்து எழுத்துகளின் கதி என்ன?

அந்தப் பயம் பீட்டுக்கும் இருந்தது. அந்தக் குறிகளை விட்டுவிடாமல் படியெடுக்க வேண்டும் என்று தன் உரையிலேயே கெஞ்சி எழுதிவைத்தார். கெஞ்சியும் பெரிய பலன் இல்லை. பெரும்பாலான படிகளில் ஓரம் வெறுமையானது. அவர் வைத்த குறிகள் சில சுவடிகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்ததை 20ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் தேடித்தான் கண்டெடுக்க வேண்டியிருந்தது. ஒரு குறி தலைமுறை தாண்டி வாழ வேண்டுமானால் நூறு பிரதியிலும் அது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கையால் எழுதும் உலகில் அது நடக்கவில்லை. அதைச் செய்துகாட்ட ஓர் இயந்திரம் வர வேண்டியிருந்தது.

அச்சு இயந்திரம் வந்து ஒரு நூற்றாண்டு ஆகும் வேளையில், இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் வெசாலியஸ் என்ற இளம் மருத்துவர் மனித உடலை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய நூல்கள் சொன்னதற்கும் கண்முன் கிடந்த உடலுக்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. அதை வார்த்தையால் மட்டும் சொன்னால் யார் நம்புவார்கள்? படம் போட்டே காட்டுவது என்று முடிவெடுத்தார். தேர்ந்த கைவினைஞர்கள் மரக்கட்டைகளில் செதுக்கினார்கள். அந்தக் கட்டைகள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒபொரினஸ் என்பவரின் அச்சகத்துக்குப் போயின. வழியில் ஒரு கட்டை உடைந்தாலும் பல மாத உழைப்பு வீண். நல்லவேளையாக எல்லாம் போய்ச் சேர்ந்தன. ஆனால் அழகான படம் மட்டும் எதையும் நிரூபித்துவிடாது என்பது வெசாலியஸுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தசைப் படத்தில் ஐம்பது தசைகள் தெரிகின்றன. உரையில் ஒரு தசையைப் பற்றிப் பேச்சு. ஐம்பதில் எது அது? இதற்காகப் படத்தின் மேலேயே சின்னச் சின்ன எழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஒவ்வோர் எழுத்தும் எதைக் குறிக்கிறது என்று படத்தோடு ஒரு பட்டியல் வந்தது. இன்ன படத்தில் இன்ன எழுத்தைப் பார் என்று உரையின் ஓரத்திலும் குறிப்பு வந்தது. 1543இல் அந்த நூல் வெளியானபோது வெசாலியஸுக்கு வயது 28. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் தெய்வ வாக்காகக் கொண்டிருந்த கேலன் என்ன தவறு செய்தார் என்பதை, எழுத்தைத் தொட்டுத் தொட்டு எவரும் சரிபார்க்க முடிந்தது. படத்துக்கு வாய் முளைத்துவிட்டது. ஆனால் வெறும் எழுத்தில் ஓடும் வரலாற்று நூல்களுக்கு அந்த வசதி எப்போது வரும்?

அது ஒரு கோபத்திலிருந்து வந்தது. பியேர் பெய்ல் பிரான்சில் பிறந்த புராட்டஸ்டன்ட். தாய்நாட்டில் தன் மதத்தாருக்கு நெருக்கடி முற்றியதால் 1681இல் ஹாலந்தின் ராட்டர்டாம் நகருக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் எழுதிய எழுத்துக்குத் தண்டனையாக, பிரான்சில் இருந்த அவருடைய அண்ணன் சிறையில் அடைக்கப்பட்டார். 1685இல் சிறையிலேயே இறந்தும் போனார். பொய் என்ன விலை வாங்கும் என்று பெய்லுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த கலைக்களஞ்சியங்களில் பிழைகள் மலிந்து கிடந்தன. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் சரிபார்க்காமல் எடுத்து எழுத, அதை மூன்றாமவர் எடுத்து எழுத, பொய்க்கு வயதாகி வயதாகி அது உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிட்டது. இந்தப் பிழைகளை மட்டுமே தொகுத்து ஒரு பெரிய அகராதி போடப்போவதாக 1692இல் மாதிரி ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். வாசகர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

யாருக்கும் பிடிக்கவில்லை. பிழைப் பட்டியலை யார் விலை கொடுத்து வாங்குவார்கள் என்றார்கள். திட்டம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பெய்ல் விடவில்லை, நூலின் அமைப்பையே மாற்றினார். பக்கத்தின் மேலே ஒருவரைப் பற்றிச் சுருக்கமான வரலாறு. கீழே, எழுத்து வரிசையிட்ட குறிப்புகளில் அந்த வரலாற்றின் ஒவ்வொரு செய்திக்கும் விசாரணை: யார் சொன்னார், அவர் சொன்னது ஏன் சரி, மற்றவர் சொன்னது ஏன் தவறு. அந்தக் குறிப்புகளின் ஓரத்தில் நூல் பெயர்கள். சில பக்கங்களில் மேலே இரண்டே வரி வரலாறு நிற்க, மீதிப் பக்கம் முழுவதும் குறிப்பே அடைத்துக்கொண்டது. 1697ஆம் ஆண்டு தேதியிட்டு வந்த அந்த ‘வரலாற்று, விமர்சன அகராதி’ ஐரோப்பா முழுவதும் பரவியது. தோற்றுப்போன பிழைப் பட்டியல், பக்கத்தின் கீழே புகுந்துகொண்டு வெற்றி பெற்றுவிட்டது. ஆனால் குறிப்புக்குப் பக்கத்தின் அடியில் நிலையான வீடு கிடைத்ததா என்றால், அதற்கு இன்னும் ஒரு சண்டை பாக்கி இருந்தது.

1776 பிப்ரவரியில் லண்டனில் எட்வர்ட் கிப்பனின் ரோமப் பேரரசு வீழ்ச்சி வரலாற்றின் முதல் தொகுதி வெளியானது. ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. கிப்பன் தன் சான்றுகளை எல்லாம் திரட்டி நூலின் கடைசியில் சேர்த்திருந்தார். எடின்பரோவில் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் அதைப் படித்தார். அவர் அப்போது கடும் நோயாளி. அந்த ஆண்டு ஆகஸ்ட்டிலேயே இறந்துவிட்டார். அந்த நிலையிலும் நூலைப் பாராட்டினார். கூடவே ஒரு குறையை அச்சகத்தாருக்கு எழுதி அனுப்பினார். குறிப்பு எண்ணைக் கண்டதும் வாசகர் நூலின் கடைசிக்குப் புரட்ட வேண்டியிருக்கிறது. புரட்டினால் அங்கே பெரும்பாலும் ஒரு நூலின் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை. சான்றுகளைப் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ போடுங்கள் என்பது அவர் வேண்டுகோள். சாகும் தறுவாயில் இருந்த ஒரு வாசகரின் முறையீடு எடுபட்டதா?

எடுபட்டது. 1777இல் வந்த மூன்றாம் பதிப்பில் குறிப்புகள் எல்லாம் பக்கத்தின் அடிக்கு இறங்கிவிட்டன. வாசகர்களின் நச்சரிப்புக்கு இணங்கியதற்காகப் பலமுறை வருந்தியதாகக் கிப்பன் தன் வாழ்க்கைக் குறிப்பில் பிற்பாடு எழுதினார். வருந்தக் காரணமும் இருந்தது. 1778இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஹென்றி டேவிஸ் என்ற இளைஞர், கிப்பன் காட்டிய சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை திரிக்கப்பட்டவை என்று ஒரு புத்தகமே எழுதிவிட்டார். கிறிஸ்தவத்தின் தொடக்க காலத்தைப் பற்றிக் கிப்பன் எழுதிய 15, 16ஆம் அத்தியாயங்கள்தான் குறி. குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டால் கிப்பனின் பெயர் அத்தோடு போய்விடும்.

கிப்பன் 1779இல் பதில் நூல் வெளியிட்டார். டேவிஸ் காட்டிய பிழைகளை அதே வரிசையில் எடுத்து, மூல நூல்களை விரித்துவைத்து விடை சொன்னார். தான் வீட்டில் இல்லாத ஏதாவதொரு பிற்பகலில் டேவிஸ் வரலாம், வேலையாள் நூலகத்தைத் திறந்து காட்டுவார் என்றும் எழுதினார். எதிரிக்குக் கொடுத்த சவுக்கடி அது. ஆனால் அந்தச் சண்டையால் ஒரு பெரிய உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் டேவிஸ் தாக்கினார். அதே அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் கிப்பன் தப்பினார். சான்று காட்டியவரை எவரும் கேள்வி கேட்கலாம். சான்று காட்டியவரால் மட்டுமே பதிலும் சொல்ல முடியும். வரலாற்றாசிரியர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். அறிவியலாளர்கள் கற்றுக்கொள்ள இன்னும் ஒரு நூற்றாண்டும், ஒரு பெரிய அவமானமும் தேவைப்பட்டன.

1868இல் ஜெர்மனியின் யேனா நகரில் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் பொதுமக்களுக்காக ஒரு நூல் எழுதினார். எல்லா முதுகெலும்பு உயிர்களும் கருவின் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்பது அவர் வாதம். அதைக் காட்ட மூன்று படங்களை அடுத்தடுத்துப் போட்டிருந்தார். ஒன்றின் கீழே நாயின் கரு, அடுத்ததன் கீழே கோழியின் கரு, மூன்றாவதன் கீழே ஆமையின் கரு என்று எழுதியிருந்தது. மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. வாசகர்கள் வியந்தார்கள். பாசல் நகரத்து விலங்கியலாளர் ரூட்டிமேயர் மட்டும் வியக்கவில்லை. படங்களை உற்றுப் பார்த்தார்.

மூன்றும் ஒரே மரக்கட்டை! ஒரு கட்டையை மூன்று முறை அச்சிட்டு, கீழே மூன்று பெயர் எழுதியிருந்தார்கள். ரூட்டிமேயர் அதை எழுத்தில் அம்பலப்படுத்தினார். ஹெக்கல் 1870இல் வந்த இரண்டாம் பதிப்பில் மூன்று படங்களுக்குப் பதில் ஒரே படத்தைப் போட்டார். ஆனால் அந்தக் கறை அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. படத்தின் கீழே எழுதும் ஒரு வரி அலங்காரம் அல்ல, அது வாக்குமூலம் என்பதைக் கருவியல் துறை மிகக் கசப்பான வழியில் கற்றுக்கொண்டது. அதே ஜெர்மனியில், லைப்சிக் நகரில், அதே கருவியலைக் கற்க அமெரிக்காவிலிருந்து ஓர் இளைஞர் சில ஆண்டுகளில் வந்து இறங்கினார்.

பெயர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க். 1847இல் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்லட் என்ற சிற்றூரில் பிறந்தவர். லைப்சிக்கில் பெரும் விலங்கியலாளர் லாய்க்கார்ட்டிடம் பயின்று முனைவர் பட்டம் பெற்று, 1877இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட உயிரி லைமாக்ஸ் கம்பெஸ்ட்ரிஸ்: ஈரமண்ணில் ஊர்ந்து திரியும் சின்னஞ்சிறு ஓடில்லா நத்தை. அதன் முட்டை முதிர்வது எப்படி, கருவுறுவது எப்படி, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பிளவுபடுவது எப்படி? நுண்ணோக்கியின் கீழே பார்த்ததை எழுதத் தொடங்கினார். எழுத எழுதக் கட்டுரை வளர்ந்து 400 பக்கங்களைத் தாண்டியது. அந்த நீளத்துக்குக் காரணம் நத்தை மட்டும் அல்ல.

1870கள் உயிரணு ஆராய்ச்சியில் புயல் வீசிய காலம். முட்டைக்குள் விந்தணு நுழைந்ததும் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காண ஐரோப்பாவில் பெரும் போட்டி. ஹெர்ட்விக் 1876இல் கடல் முள்ளெலியில் கண்டதைச் சொன்னார். ஃபோல் நட்சத்திரமீனில் கண்டதைச் சொன்னார். புட்சிலி, அவுவர்பாக், ஸ்ட்ராஸ்பர்கர், ஃப்ளெமிங் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். ஒரே ஆய்வாளர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு கட்டுரை போட்டார். சென்ற ஆண்டு சொன்னதை இந்த ஆண்டு திருத்தினார். இவர்கள் அத்தனை பேரையும் மார்க் எடைபோட வேண்டியிருந்தது. வெறுமனே “ஃபோல் சொல்கிறார்” என்றால் எந்த ஃபோல்? 1875இல் சொன்ன ஃபோலா, பிறகு மாற்றிச் சொன்ன ஃபோலா? ஒவ்வொரு முறையும் கட்டுரையின் முழுத் தலைப்பையும் இதழின் பெயரையும் அடிக்குறிப்பில் போட்டால், நத்தைக்குப் பக்கத்தில் இடமே மிஞ்சாது.

மார்க் எளிமையான ஒன்றைச் செய்தார். ஒரே பெயரில் பலர் வாழும் ஊரில் வீட்டுப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவதுபோல, ஆய்வாளரின் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் கட்டுரை வெளியான ஆண்டைச் சுருக்கி அடைப்புக்குறிக்குள் போட்டார். முழு விவரத்தையும் கட்டுரையின் கடைசியில் ஒரே பட்டியலாக வைத்தார். பெயரும் ஆண்டும் தெரிந்தால் பட்டியலில் கண்டுபிடித்துவிடலாம். வாசிப்பும் தடைபடாது, எந்த ஆண்டு யார் எதைச் சொன்னார் என்பதும் கண்முன்னே நிற்கும். கட்டுரை 1881இல் ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியக ஏட்டில் வெளியானது. 194ஆம் பக்கத்தில் முதல் அடைப்புக்குறி தலைகாட்டியது. இது என்ன புதுமை என்று வாசகர் திகைப்பாரே? அதனால் அதன் பக்கத்தில் ஓர் உடுக்குறியைப் போட்டு, பக்கத்தின் அடியில் விளக்கமும் கொடுத்தார் மார்க். பிறந்த குழந்தையைக் கைபிடித்து உலகத்துக்கு அறிமுகம் செய்துவைத்தது, ஒரு பழைய அடிக்குறிப்பு.

மார்க்கிடம் படித்த மாணவர்கள் ஏராளம். அவர்கள் அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களாகப் பரவினார்கள். ஆசானின் வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். 1903இல் மாணவர்கள் அவருக்கு ஒரு பாராட்டு மலர் வெளியிட்டபோது, நத்தைக் கட்டுரையின் சிறப்புகளில் ஒன்றாக அதன் மேற்கோள் முறையையும் குறிப்பிட்டார்கள். விலங்கியலிலிருந்து பக்கத்துத் துறைகளுக்கும் அது தாவியது. உளவியல் இதழ்களின் ஆசிரியர்கள் 1928இல் கூடிப் பேசி, சான்றுகளையும் அட்டவணைகளையும் படங்களையும் எப்படித் தர வேண்டும் என்பதற்கு ஏழு பக்க வழிகாட்டியை 1929இல் அச்சிட்டார்கள். ஒருவருடைய சொந்த வழக்கம் துறைகளின் சட்டமாகிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில், அதைத் தொடங்கிவைத்தவரின் பெயர் மட்டும் எங்கோ வழியில் விழுந்துவிட்டது.

1946இல் மார்க் இறந்தார். ஏறக்குறைய நூறு வயது வாழ்ந்தவர். அதற்குள் அந்த முறை ஐரோப்பாவிலும் பரவியிருந்தது. அதற்கு அங்கே ஒரு பெயரும் ஒட்டியிருந்தது. ஹார்வர்டு நூலகத்தைப் பார்க்கப் போன ஓர் ஆங்கிலேயர் அங்கே கண்ட மேற்கோள் முறையால் கவரப்பட்டு, ஊர் திரும்பி அந்தப் பெயரைச் சூட்டியதாக 1940களில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு விளக்கம் வந்தது. ஹார்வர்டு அப்படியொரு முறையை அதிகாரபூர்வமாக வெளியிட்டதே கிடையாது. பெயர் உலகெங்கும் நிலைத்தது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. இதற்கிடையே மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடி, பெயரும் ஆண்டும் வேண்டாம், வரிசை எண் போதும் என்று தனி வழி கண்டார்கள். கடைசியில் 1988இல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஈலி செர்னின் பழைய ஏடுகளைத் துருவி, அந்த 194ஆம் பக்கத்தைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் உலகத்துக்குக் காட்டினார். யார் சொன்னது என்பதை நினைவில் வைக்கவே பிறந்த ஒரு முறையைத் தந்தவர் யார் என்பது, நூறு ஆண்டுகள் கழித்துத்தான் சபையேறியது.

அதுதான் இன்று ஆய்வு மாணவர் பலரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் ஹார்வர்டு முறை. ஆய்வேட்டின் வாக்கிய முடிவில் வரும் பெயரும் ஆண்டும் கொண்ட அந்த அடைப்புக்குறி, நத்தை முட்டையிலிருந்து வந்தது. ‘படம் 3’ என்ற எண்ணுக்கும் அதன் கீழே வரும் விளக்கத்துக்கும் பின்னால் வெசாலியஸின் சின்ன எழுத்துகளும் ஹெக்கலின் ஒற்றை மரக்கட்டையும் இருக்கின்றன. பக்கத்தின் அடியில் இருக்கும் குறிப்புக்குப் பின்னால் பெய்லின் கோபமும் ஹியூமின் கடிதமும் இருக்கின்றன.

மதிப்பெண்ணுக்காகக் கடைசி இரவில் அவசரமாக நிரப்பப்படும் சடங்காக இது இன்று பல இடங்களில் தேய்ந்துவிட்டது. காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்ற சச்சரவில், இது எதற்காகப் பிறந்தது என்பது மறைந்துபோகிறது. முன்னோருக்குச் சேர வேண்டியது அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர்கள், தங்கள் சொல்லை எவரும் சோதித்துப் பார்க்கலாம் என்று துணிந்தவர்கள்: இவர்கள்தான் இதை ஒவ்வோர் அடியாக உருவாக்கினார்கள். ஓர் ஆய்வாளர் பெயரையும் ஆண்டையும் சரியாக எழுதும்போது, தனக்கு முன்னால் உழைத்தவருக்கு நன்றி சொல்கிறார். தன்னைச் சந்தேகிக்கும் உரிமையை, இன்னும் பிறக்காத வாசகருக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறார். ஆராய்ச்சியில் இதைவிட நேர்மையான இரண்டு சொற்களை எழுத முடியாது.